ஒரே இருமல், இரண்டு சீட்டு: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மருத்துவர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மருந்தாளுநர். பல டாக்டர்கள் உட்காரும் ஒரு கிளினிக்கில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் என் இடம். நீங்கள் எழுதும் சீட்டு கடைசியில் வந்து சேருவது என் கைக்குத்தான்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு மாலையில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் ஒரே இருமல். முதலில் அவருக்கு வந்து, இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டம் அதிகமாக இருந்ததால், நேரமாவது மிச்சமாகட்டும் என்று ஆளுக்கொரு டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருக்கிறார்கள். அவர் சீட்டில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஐந்து நாளைக்கு, ஓர் இருமல் சிரப், ஓர் அலர்ஜி மாத்திரை. அந்த அம்மாவின் சீட்டில் பாராசிட்டமால் மட்டும். அதுவும் ‘தேவைப்பட்டால்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே ஒரு வரி: மூச்சு வாங்கினாலோ, மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ உடனே வரவும்.

“எனக்கு மாத்திரை விட்டுப்போச்சுங்களா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, உங்க டாக்டர் எழுதலை.”

“அப்ப அவருக்கு மட்டும் எதுக்கு?”

பதில் தேடினேன். கிடைக்கவில்லை. “ரெண்டு பேரையும் பார்த்தது வேற வேற டாக்டர்” என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். “அப்ப வியாதி எங்களுக்கா, டாக்டருக்கா?”

பக்கத்தில் நின்ற கணவர் பெரிய மனதோடு தன் மாத்திரைப் பட்டையை நீட்டினார்: “என்னோடதுல பாதி எடுத்துக்கோ.” அவசரமாகக் குறுக்கே புகுந்து தடுத்தேன்.

அந்த அம்மாவின் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது. யாரையும் குற்றம் சொல்ல உட்காரவில்லை. அந்த இரண்டு டாக்டருமே நல்ல டாக்டர்கள், என் வீட்டு ஆட்களை இரண்டு பேரிடமும் காட்டுவேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குக் கிடைக்காத ஓர் இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நீங்கள் உங்கள் சீட்டை மட்டும் பார்க்கிறீர்கள், நான் எல்லோர் சீட்டையும் பார்க்கிறேன்.

இந்த ஜன்னலில் ஒரு வருடம் நின்றால் போதும், கையெழுத்தே தேவைப்படாது. சளி, இருமல் என்று வந்தால் ஒருவர் அமாக்சிசிலின் எழுதுவார். இன்னொருவர் அதோடு கிளாவுலனேட் சேர்ந்ததை எழுதுவார். ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் அசித்ரோமைசின். ஒருவர் செஃபிக்சிமை விட்டு இறங்கவே மாட்டார். இன்னும் ஒருவர் ஆன்டிபயாடிக் எழுதிவிட்டால் நான் சீட்டை இரண்டு தரம் படிப்பேன், அவ்வளவு அபூர்வம். பெயரை மறைத்துக் கொடுத்தாலும் யார் எழுதியது என்று சொல்லிவிடுவேன். சீட்டைப் பார்த்தால் நோய் தெரிய வேண்டும். எனக்கு டாக்டர் தெரிகிறார்.

இது எங்கள் கிளினிக்கோடு முடிகிற சங்கதி என்றால் மடல் எதற்கு, நேரே அறைக்குள் போய்ப் பேசிவிடலாம். 2009-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பாவில் 13 நாடுகளில், இருமலோடு பொது மருத்துவரிடம் போன 3,402 பேரைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு அது. ஓர் இடத்தில் நூற்றுக்கு 20 பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் ஏறக்குறைய 90 பேருக்கு. ஒருவேளை அங்கே நோய் முற்றி வந்திருப்பார்களோ என்று அதையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. சரி, நிறைய எழுதிய இடத்தில் சீக்கிரம் குணமானதா என்று பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி எந்த வேறுபாடும் இல்லை.

நாடு வேறு, பழக்கம் வேறு என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். ஒரே நாட்டில், ஒரே அமைப்பில், ஒரே வழிகாட்டு நெறிகளோடு வேலை செய்பவர்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பில், 2005 முதல் 2012 வரை சளி, இருமல், சைனஸ் போன்ற சுவாசத் தொற்றுகளுக்காக நடந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை ஆராய்ந்தார்கள். அதிகம் எழுதும் 10 சதவீதம் பேர் தங்களிடம் வந்த நூறில் 95 வருகைகளுக்கோ அதற்கு மேலோ ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்கள். குறைவாக எழுதும் 10 சதவீதம் பேர் நூறில் 40, அல்லது அதற்கும் கீழே. வித்தியாசத்தில் பெரிய பங்கு டாக்டரைப் பொறுத்தே இருந்தது. ஊரோ, நோயாளியின் வயதோ, காய்ச்சலின் அளவோ அவ்வளவு தூரம் மாற்றவில்லை. வியாதி டாக்டருக்கா என்று அந்த அம்மா கேட்டது ஒன்றும் விளையாட்டுக் கேள்வி இல்லை.

இதற்கெல்லாம் அறியாமை காரணம் என்று நான் நினைக்கவில்லை. சளிக்கு வைரஸ்தான் காரணம், வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது என்பது நேற்று படிப்பை முடித்தவருக்கும் தெரியும், முப்பது வருடம் பார்த்தவருக்கும் தெரியும். தெரிந்தும் கை எழுதுகிறது. ஏன் என்று ஜன்னலில் நின்று பார்த்தவரைக்கும் எனக்குச் சில காரணங்கள் தோன்றுகின்றன.

முதலில் களைப்பு. காலையில் வரும் சீட்டும் மதியத்தை நெருங்கும்போது வரும் சீட்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எழுத்து சாய்கிறது, அறிவுரை வரிகள் காணாமல் போகின்றன, மருந்து கூடுகிறது. இது என் மனப்பிரமையோ என்றுதான் நெடுநாள் நினைத்தேன். 2014-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் இதையே அளந்து எழுதியிருந்தார்கள். சுவாசத் தொற்றுக்காக நடந்த 21,867 வருகைகளில், டாக்டர் உட்கார்ந்த முதல் மணி நேரத்தோடு ஒப்பிட்டால் நான்காவது மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் எழுதும் வாய்ப்பு விகிதம் 26 சதவீதம் அதிகம். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆகும். எழுதிக் கொடுக்க அரை நிமிடம். வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அரை நிமிடத்தைத்தான் எடுப்பேனோ என்னவோ.

அடுத்தது, நோயாளி கேட்கிறார் என்ற எண்ணம். ‘கொடுக்காவிட்டால் வேறு டாக்டரிடம் போய்விடுவார்’ என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1999-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வு இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. குழந்தைக்கு வைரஸ் தொற்றுதான் என்று தாங்களே தீர்மானித்த நேரத்தில்கூட, பெற்றோர் ஆன்டிபயாடிக்கை எதிர்பார்க்கிறார்கள் என்று டாக்டர்கள் நினைத்தபோது 62 சதவீதம் எழுதினார்கள். அப்படி நினைக்காதபோது 7 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் உண்மையில் எதிர்பார்த்தார்களா இல்லையா என்பதற்கும் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதிலாக மருந்து போயிருக்கிறது. ஜன்னலில் எனக்குத் தெரிவதும் இதுதான். பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்பது “இது எத்தனை நாள்ல சரியாகும்?”, “பயப்பட ஒண்ணுமில்லையே?” என்ற இரண்டைத்தான். “ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க” என்பவரும் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சத்தமாகக் கேட்பதால் நம் நினைவில் எண்ணிக்கை பெருகிவிடுகிறது.

அந்த ‘எத்தனை நாள்’ என்ற கேள்விக்கு உங்களில் பலர் பதில் சொல்வதில்லை என்பது என் வருத்தம். சாதாரண மார்புச்சளி இருமல் அடங்குவதற்குச் சராசரியாக 18 நாள் ஆகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013-ல் வெளியிட்ட எண் அது. அதே கட்டுரையில் பொதுமக்களைக் கேட்டபோது ஏழிலிருந்து ஒன்பது நாள் என்று சொல்லியிருந்தார்கள். இந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. எட்டாம் நாள் இருமல் நிற்காததால் பயந்து வருகிறார், ஆன்டிபயாடிக் வாங்குகிறார், எப்படியும் அடங்கப்போகிற இருமல் பதினைந்தாம் நாள் அடங்குகிறது, பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அடுத்த தடவை முதல் நாளே அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார். டாக்டருக்கும் கைராசிக்காரர் என்று பெயர் கிடைத்துவிடுவதால், அவருக்கும் அந்தப் பழக்கத்தை விட மனசு வராது. நான் சொன்ன தம்பதி பத்து நாள் கழித்து வேறொரு மருந்துக்காக வந்தார்கள். இரண்டு பேருமே இன்னும் லேசாக இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். அது பயம். என்றோ ஒரு நாள் சளிதான் என்று அனுப்பிவைத்த ஒருவர் நிமோனியாவோடு திரும்பி வந்திருப்பார். அந்த முகம் மறக்காது. அதற்குப் பிறகு வருகிற ஆயிரம் பேருக்கும் அந்த ஒருவருக்கான மருந்தை எழுதிக்கொண்டே இருப்போம். இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 610 பொது மருத்துவ மையங்களின் பதிவேடுகளை வைத்து 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 7,000 பேரைக் கவனிக்கும் ஒரு மையம், சுவாசத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் எழுதும் விகிதத்தை 10 சதவீதம் குறைத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமோனியாவும், பத்து வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு தொண்டைச் சீழ்க்கட்டியும் கூடுதலாக வரலாம். மூளைக்காய்ச்சல் போன்ற பெரிய ஆபத்துகள் கூடியதாகத் தெரியவில்லை. ஆக, விலை பூஜ்யம் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமோனியாவை ‘மூச்சு வாங்கினால் உடனே வரவும்’ என்ற ஒரு வரி பிடித்துவிடக்கூடும். அந்த அம்மாவின் சீட்டில் இருந்த அதே வரி. எழுத மாத்திரைப் பெயரை எழுதுகிற நேரம்தான் ஆகும்.

இதுவரை சொன்னது எழுதுவதா வேண்டாமா என்பதைப் பற்றி. எதை, எத்தனை நாளைக்கு என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை. மேலே சொன்ன 13 நாடுகள் ஆய்வில், ஆன்டிபயாடிக் எழுதியவர்களில் அமாக்சிசிலினைத் தேர்ந்தெடுத்தவர்கள் நார்வேயில் 3 சதவீதம், இங்கிலாந்தில் 83 சதவீதம். தொண்டை வலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்குக்குத்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா காரணம். அந்தக் கிருமி இத்தனை வருடம் கழித்தும் பென்சிலினுக்கு அடங்குகிறது. அசித்ரோமைசின் வகைக்குப் பல இடங்களில் அடங்குவதில்லை. ஆனால் ‘பழைய மருந்து’ என்ற ஒரே குற்றத்துக்காகப் பென்சிலின் என் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. புதியது வலியது, வலியது நல்லது என்ற நம்பிக்கை நோயாளிக்கு இருக்கலாம். டாக்டருக்கும் இருந்தால் எப்படி? உலக சுகாதார நிறுவனம் 2017-லேயே ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூடையாகப் பிரித்துவிட்டது: முதலில் கை வைக்க வேண்டியவை, யோசித்து எழுத வேண்டியவை, கடைசிக்கென்று பத்திரப்படுத்த வேண்டியவை. அமாக்சிசிலின் முதல் கூடை. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் இரண்டாம் கூடை. சிப்ரோஃப்ளாக்சசினும் அங்கேதான். சாதாரண சைனஸ், மார்புச்சளி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு வழி இருக்கும்போது அந்த ஃப்ளாக்சசின் குடும்பத்தை எழுத வேண்டாம், தசைநாண், நரம்பு வரைக்கும் பாதிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் எச்சரித்தது. அதற்குப் பிறகும் ஒரு சாதாரண இருமலுக்கு அதை எழுதிய சீட்டு என் கையில் வந்திருக்கிறது. போன் போட்டுக் கேட்டேன். “எழுதினதைக் குடுங்க” என்றார்.

நாள் கணக்கு இன்னும் மோசம். பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு, மருந்தைப் பொறுத்து மூன்றோ ஐந்தோ நாள் போதும் என்கின்றன வழிகாட்டு நெறிகள். எனக்கு வரும் சீட்டில் ஐந்தும் உண்டு, ஏழும் உண்டு, பத்தும் உண்டு. ‘எழுதிய கோர்ஸை முழுசாக முடியுங்கள்’ என்று கிளிப்பிள்ளை மாதிரி நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அது சரிதான், ஆனால் எழுதிய நாளே அதிகமென்றால் நான் சொல்வது தேவையில்லாத ஐந்து நாளையும் விழுங்கச் சொல்வதாகத்தான் ஆகிறது.

‘ஒரு அஞ்சு நாள் மாத்திரை, என்ன ஆகிவிடப்போகிறது’ என்பது எல்லா அறையிலும் புழங்கும் வாக்கியம். வயிற்றுப்போக்கு, தடிப்பு, அலர்ஜி எல்லாம் என் ஜன்னலுக்குத்தான் திரும்பி வருகின்றன, உங்களிடம் வருவதில்லை. அதனால் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். ஒருவர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் அவர் உடம்பில் இருக்கும் கிருமிகளிடம் எதிர்ப்புத் தன்மை கூடுகிறது என்றும், அது 12 மாதம் வரை நீடிக்கக்கூடும் என்றும் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அதாவது இன்றைக்குச் சளிக்குத் தேவையில்லாமல் வாங்கியவருக்கு, ஆறு மாதம் கழித்து உண்மையிலேயே ஒரு தொற்று வரும்போது மருந்து பிடிக்காமல் போகலாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019-ல் உலகம் முழுக்க 12.7 லட்சம் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த மாதிரிப் பெரிய எண்கள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பவரை அசைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். என்னையும் அசைத்ததில்லை. என்னை அசைத்தது பாதிப் பட்டையை நீட்டிய அந்தக் கைதான். 1945 டிசம்பரில் நோபல் உரையில், பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல், தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது. அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு மருந்து வேலை செய்யவில்லை, இறந்துபோகிறார். எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணவன், மனைவி, தொண்டை, இருமல் எல்லாம் என் ஜன்னலுக்கு முன்னால் அப்படியே நிற்கின்றன.

எல்லோரும் ஒரே எண்ணுக்கு வந்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வயதானவர்களை அதிகம் பார்ப்பவர், நுரையீரல் நோயாளிகளைப் பார்ப்பவர், கைக்குழந்தைகளைப் பார்ப்பவர் கூடுதலாக எழுதத்தான் வேண்டும். உண்மையான நிமோனியாவுக்கு எழுதாமல் விடுவது இன்னும் பெரிய தவறு. ஆனால் அடுத்தடுத்த அறையில், ஒரே வரிசையிலிருந்து டோக்கன் வாங்கி வருகிறவர்களைப் பார்க்கும் இரண்டு பேருக்கு இவ்வளவு இடைவெளி ஏன்?

தன் முதுகு தனக்குத் தெரியாது. இதில் உங்கள் குற்றம் பாதிதான், காட்டுவதற்கு யாரும் இல்லாதது மீதி. காட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2014-ல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த சாலி டேவிஸ், தங்கள் பகுதியில் அதிகம் எழுதும் 20 சதவீத மையங்களின் டாக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் பகுதியில் 80 சதவீத மையங்கள் உங்களைவிடக் குறைவாகத்தான் ஆன்டிபயாடிக் எழுதுகின்றன என்பதுதான் அதன் சாரம். தண்டனை இல்லை, விசாரணை இல்லை. ஆறு மாதத்தில் 3.3 சதவீதம் குறைந்தது, அதாவது சுமார் 73,000 ஆன்டிபயாடிக் சீட்டுகள். அமெரிக்காவில் 2016-ல் வெளிவந்த சோதனையில், மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சிறப்பாகச் செய்பவர்கள் வரிசையில் நீங்கள் இருக்கிறீர்கள் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னார்கள். தேவையில்லாமல் எழுதிய விகிதம் 19.9-லிருந்து 3.7 சதவீதத்துக்கு வந்தது. மின்னஞ்சல் போகாத குழுவிலும் 24.1-லிருந்து 13.1-க்குக் குறைந்ததையும் சொல்லிவிட வேண்டும். யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததே பாதி வேலையைச் செய்துவிட்டதோ என்னவோ.

எழுதவும் மனமில்லை, அனுப்பவும் மனமில்லை என்ற நிலையில் ஒத்திவைத்த சீட்டு என்று ஒரு வழி இருக்கிறது. ‘இத்தனை நாளில் சரியாகாவிட்டால் மட்டும் வாங்கவும்’ என்று தேதி போட்டுக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே கடைசியில் மருந்தை எடுத்துக்கொண்டார்கள் என்று 2014-ல் பிரிட்டனில் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தேதியைக் காப்பாற்றும் பொறுப்பை என்னைப் போன்றவர்களிடம் விடுங்கள், செய்கிறோம். பேசத் தெரிவதும் ஒரு சிகிச்சைதான். 2009-ல் நெதர்லாந்தில், நோயாளியிடம் எப்படிக் கேட்பது, எப்படி விளக்குவது என்று பயிற்சி பெற்ற டாக்டர்கள் இருமலுக்கு 27 சதவீதம் எழுதினார்கள், பெறாதவர்கள் 54 சதவீதம்.

நான் கேட்பது இதையெல்லாம்விடச் சின்னது. ஒரே ஒரு மாதம் எண்ணுங்கள். சளி, இருமல், தொண்டை வலி என்று உங்களிடம் வந்தவர்கள் எத்தனை பேர், அதில் ஆன்டிபயாடிக் எழுதியது எத்தனை பேருக்கு. கம்ப்யூட்டரில் சீட்டு எழுதுகிறவர்களுக்குப் பத்து நிமிட வேலை. கையால் எழுதுகிறவர்கள் மேசையில் ஒரு தாள் வைத்துக் கோடு போட்டாலே போதும். அப்புறம் அந்த எண்ணைப் பக்கத்து அறை டாக்டரின் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டாம், சுவரில் ஒட்டவும் வேண்டாம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் பாருங்கள்.

அந்த அம்மா கேட்டதை, அசித்ரோமைசின் எழுதிய டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “என்னோடது எவ்வளவு இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். எண்ணி எடுத்து, நாலாக மடித்து, மறுநாள் மேசையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். “இவ்வளவா?” என்றார். திரும்பவும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் கதவு வரைக்கும் வந்த பிறகு கூப்பிட்டார்.

“அடுத்த மாசமும் எடுத்து வையுங்க.”

இப்படிக்கு,
மருந்து ஜன்னலுக்கு உள்பக்கம் நிற்கும் ஒரு மருந்தாளுநர்